தவணையும் இடாப்பும்: மலையகத் தோட்டத் தொகுதிகளில் உறுப்பினர் காலம், 1931–1989

மலையக அரசியல் வரலாற்றில் ஒரு கணக்கு கேள்வியில்லாமல் கைமாறி வருகிறது. 1947இல் தோட்டத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாவின் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். இடையில் முப்பதாண்டு வெறுமை. நினைவு மலர்களிலும் மேடைகளிலும் ஆய்வேடுகளிலும் இதே கணக்குத்தான். இதை நான் ஏற்கவில்லை. நடந்த அநீதி சிறியது என்பதற்காக அல்ல. அது நடந்த விதத்தை இந்த எண் மறைத்துவிடுகிறது என்பதற்காக.

முதலில் தொடக்க ஆண்டு. முப்பதாண்டு என்பவர்கள் தேர்தலிலிருந்து தேர்தல் வரை எண்ணுகிறார்கள். ஆனால் அந்த எழுவர் 1947இல் சபையை விட்டுப் போகவில்லை. அந்த ஆண்டில்தான் உள்ளே போனார்கள். சோல்பரி அரசியலமைப்பின்படி பிரதிநிதிகள் சபையின் தவணை ஐந்தாண்டு. 1947 ஒக்டோபரில் முதன்முதலாகக் கூடிய அச்சபை 1952 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என அனைவரும் அதுவரை ஆசனத்தில் இருந்தார்கள். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்கள் கண்முன்னே நிறைவேறியது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டும் என்று சுருக்கியதும் அவர்கள் கண்முன்னேதான்.

இங்கே நின்று பார்க்க வேண்டும். 1950இல் வாக்காளர் இடாப்பு திருத்தப்பட்டபோது அவர்களுக்கு வாக்களித்தவர்களின் பெயர்கள் பெருந்தொகையாக நீங்கின. உறுப்பினர் தவணையோ நீங்கவில்லை. வாக்காளர் இல்லாத உறுப்பினர்கள் ஏறத்தாழ ஈராண்டு கொழும்பில் அமர்ந்திருந்தார்கள். முப்பதாண்டுக் கணக்கில் இந்தக் காலத்துக்கு இடமே இல்லை. வெறுமை தொடங்கிய நாள் எது? 1948, 1949, 1950, 1952 ஆகிய நான்குக்கும் நியாயம் உண்டு. இந்த நீக்கத்தை எதிர்த்த கோடக்கன் பிள்ளை வழக்கில் பிரிவிக் கவுன்சில் கதவை அடைத்த 1953ஐயும் சேர்த்துச் சொல்லலாம். ஒரே நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். 1947ஐத் தேர்ந்தெடுக்க முடியாது என்று மட்டும் வற்புறுத்துவேன்.

நடுப்பகுதியிலும் இதே தடுமாற்றம். 1960இல் தொண்டமான் நியமன உறுப்பினரானார். 1965இல் அவரோடு வி. அண்ணாமலையும், 1970இல் அப்துல் அஸீஸும் நியமனம் பெற்றார்கள். இவர்களை வெறுமைக்குள் அடக்குவது எனக்குச் சம்மதம்; நியமனம் பிரதிநிதித்துவம் ஆகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1970இல் தெரிவான சபைக்கு 1972 அரசியலமைப்பு, அது நிறைவேறிய மே 22இலிருந்து புதிதாக ஐந்தாண்டு கொடுத்தது. ஐந்தாண்டுச் சபை ஏழாண்டுச் சபையாயிற்று. தோட்டத் தொழிலாளி வாக்களிக்காத ஆசனத்தின் காலமும் அதனுடன் சேர்ந்து நீண்டது.

இனி 1977. முப்பதாண்டுக் கணக்கு இங்கே நிம்மதியாக முடிகிறது. நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன், காரணம் ஒரு பாடபேதம். 1978 அரசியலமைப்பின் 161ஆம் உறுப்புரையின் (உ) பந்தி, முதலாவது பாராளுமன்றம் 1977 ஓகஸ்ட் 4இலிருந்து ஆறாண்டு தொடரும், அதற்கு மேல் இல்லை என்றது. நான்காம் திருத்தத்துக்குப் பின் அதே பந்தி, 1989 ஓகஸ்ட் 4 வரை தொடரும், அதற்கு மேல் இல்லை என்கிறது. ஆண்டுகளின் எண்ணிக்கை போய் அவ்விடத்தில் ஒரு திகதி வந்திருக்கிறது. முதல் வாசகம் தவணைக்கு ஓர் அளவு வைத்தது. இரண்டாவது வாசகத்தில் அளவே இல்லை. பன்னிரண்டு என்ற எண்ணை வாசிப்பவர்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். வரம்பைச் சொல்லும் அந்தக் கடைசிச் சொற்களை மட்டும் தொடாமல் விட்டார்கள். வரம்பை உடைத்த திருத்தத்தில் வரம்பின் சொற்கள் அப்படியே எஞ்சி நிற்கின்றன.

இதற்கான சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசெம்பர் 22இல் நடந்தது. நீடிப்பை ஏற்பவருக்கு விளக்கு, மறுப்பவருக்குக் குடம். விளக்குக்கு 31 இலட்சத்துக்குச் சற்று மேலும், குடத்துக்கு 26 இலட்சமும் விழுந்தன. கேட்டது தொண்டமான் அமைச்சராக இருந்த அரசாங்கம். ஆதலால் மலையகத்துக்கு இதில் நட்டமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு: எங்கள் ஆள் அமைச்சரவையில் இன்னும் ஆறாண்டு இருந்தார் அல்லவா? நான் கேட்பது வேறு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மூன்று இலட்சம் பேரை இலங்கைப் பிரசைகளாக ஏற்க ஒத்துக்கொண்டது. 1974இன் ஒப்பந்தம் இன்னும் 75,000 பேரைச் சேர்த்தது. அந்தப் பதிவு ஒரே நாளில் முடியவில்லை. தொகை தொகையாக ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1977 ஜூலைக்குப் பின் பிரசையாகி இடாப்பில் ஏறிய ஒரு கொழுந்துப் பறிக்கும் பெண், 1982இல் பாராளுமன்றத் தேர்தல் வேண்டாம் என்று வாக்களித்திருக்க முடியும். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு வாக்களித்திருக்க முடியாது.

1977–1988 தவணைக்கு ஒரு முன்னோடி உண்டு. டொனமூர் அரசியலமைப்பின் அரசாங்க சபைக்குத் தவணை நான்காண்டு. முதற்சபையில் அட்டனுக்குப் பெரி. சுந்தரம் போட்டியின்றி வந்து அமைச்சரும் ஆனார். 1936இல் அதே அட்டனில் கோ. நடேசய்யர் வென்றார். 1940இல் முடிய வேண்டிய அச்சபை போரைக் காரணமாகக் கொண்டு நீடிக்கப்பட்டு 1947 ஜூலை வரை இருந்தது. பதினோராண்டும் சில மாதமும். 1977 சபையும் கலைக்கப்பட்ட 1988 டிசெம்பர் வரை எண்ணினால் பதினோராண்டும் சில மாதமும்தான்.

போர் நீடிப்பை நான் குற்றமாகச் சொல்லவில்லை. 1935இல் தெரிவான பிரித்தானியப் பாராளுமன்றமும் 1945 வரை அமர்ந்திருந்தது. ஆனால் அங்கே இடாப்பிலிருந்து ஒரு சமூகத்தைக் கழிக்கும் வேலை நடக்கவில்லை. இங்கே இந்திய வாக்காளர் தொகை 1936இல் சுமார் 1,45,000. 1939இல் சுமார் 2,25,000. 1943இல் சுமார் 1,68,000 ஆகக் குறைந்தது. மூன்றாண்டில் ஏறிய எண்பதாயிரத்தில் பெரும்பகுதி, ஒரு பொதுத்தேர்தலைக் காணாமலே இறங்கிவிட்டது. 1939இல் காங்கிரஸ் உருவாகி, 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டு, தோட்டங்கள் சங்கங்களாகத் திரண்ட காலம் அதுவே. 1940இல் தேர்தல் நடந்திருந்தால் காங்கிரஸ் நடேசய்யரை அட்டனில் எதிர்த்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். இது ஊகந்தான். ஆனால் 1947இல் அவர் தோற்றதும், அந்த ஏழு வெற்றிகளும் ஒரே ஆண்டில் முளைத்த மாற்றம் அல்ல. ஏழாண்டு தேங்கி நின்றது அன்று உடைந்தது. நடேசய்யர் அவ்வாண்டு நவம்பரிலேயே காலமானார். அட்டன் தொழிலாளிக்கு அவரை மீண்டும் தேர்வதற்கோ மாற்றுவதற்கோ உரிய நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த மூத்த தொழிற்சங்கவாதிக்கும் இது நியாயம் செய்யவில்லை என்பேன்.

ஆகவே மலையகத்தில் உறுப்பினர் காலத்தைத் தேர்தல் ஆண்டுகளைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது. சபையின் தவணையையும் இடாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே அளக்க வேண்டும். 1936–47இலும் 1977–88இலும் தவணை இடாப்பைக் காத்திருக்க வைத்தது. 1950–52இல் இடாப்பு போன பின்னும் தவணை மிஞ்சியது.

2015இன் பத்தொன்பதாம் திருத்தம் பாராளுமன்றத் தவணையை மீண்டும் ஐந்தாண்டாக்கியது.   1977 ஜூலைக்குப் பின் இடாப்பில் ஏறிய தோட்டத் தொழிலாளர்கள் நுவரெலியா மாவட்டத்தில் முதன்முதலாகப் பாராளுமன்றப் பொதுத்தேர்தலில் வாக்களித்த நாள் 1989 பெப்ரவரி 15.