உள்வாங்கிய கடல்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நம்ம திருச்செந்தூரில் கடல் உள்வாங்கும். பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். பக்தர்கள் அதில் ஏறி நின்று படம் எடுப்பார்கள். சில மணி நேரத்தில் கடல் பழையபடி வந்துவிடும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் இதைவிடப் பெரிதாக உள்வாங்கியிருந்தது. அப்போது உலகெங்கும் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. நாமும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தோம். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனிப்பாளமாக உறைந்து கிடந்தது.

அந்தக் காலத்துக் காற்று இன்றும் நம் கையில் இருக்கிறது. அண்டார்டிகாவில் 'டோம் சி' என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டு எடுத்த பனித்தண்டில், 8 லட்சம் ஆண்டுக் காற்று குமிழிகளாக அடைபட்டிருக்கிறது. பனியுகக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 190 பங்கு. அது 270ஐ நெருங்க ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் ஆயின. அதற்குள் பனி உருகி, கடலும் பெருமளவு ஏறிவிட்டது.

நான் பிறந்தது 1960இல். அன்று 317 பங்கு. இன்று 420க்கு மேல். ஏழாயிரம் ஆண்டில் கூடியதைவிட அதிகமாக, ஒரு வாத்தியாரின் ஆயுளுக்குள் கூடிவிட்டது.

அடுத்த முறை அந்தப் பாறையில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.