வானிலைத் தாமதமும் வீட்டுக் காய்கறித் தோட்டமும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

மழையாலோ புயலாலோ வெயிலாலோ விதைப்பும் நடவும் உரிய பட்டத்தைத் தாண்டிப்போவது வானிலைத் தாமதம். விழுப்புரம் மாவட்டத்தில் கொல்லையில் நாலு பாத்தி வைத்திருப்பவர்கள்கூட இதை அடிக்கடி சந்திக்கிறார்கள். ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்துவிடும். கத்தரியும் தக்காளியும் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் ஐப்பசியும் கார்த்திகையும் புயல் மாதங்களாகவும் இருப்பதுதான் இங்குள்ள பெரிய தொல்லை.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. பத்தடிக்குப் பத்தடி உள்ள ஒரு பாத்தியில் மட்டும் 4,500 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுந்திருக்கும். சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகியதில், அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கியது. அதற்கு முன் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், மார்கழி நடுவில் மரங்களையும் பந்தல்களையும் சாய்த்துவிட்டுப் போனது.

எந்தத் தாமதம் வலிக்கும்

எல்லாப் பயிருக்கும் தாமதம் ஒரே அளவில் நட்டம் தருவதில்லை. பட்டம் தப்பிவிட்டது என்று அந்த ஆண்டுக்கே தோட்டத்தைக் கைவிடுவோர் தவறவிடுவது இதைத்தான். நாட்டுப் பந்தல் அவரை, பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் பூக்கும் காலம் பெரிதாக மாறாது. பிந்தி ஊன்றிய கொடி சிறியதாக இருக்கும், காய் குறையும், அவ்வளவே. குற்றுச் செடி அவரை ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடும் இல்லை. முளைக்கீரை, சிறுகீரை போன்றவை ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வருபவை. மழை விட்ட எந்த வாரத்திலும் விதைக்கலாம். புடலை, பாகல், பீர்க்கு, சுரை ஆகியவற்றுக்குத் தைப் பட்டம் பின்னால் காத்திருக்கிறது.

காலக்கெடு உண்மையில் நெருக்குவது தக்காளியை. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் பூ உதிரும், பிஞ்சு நிற்காது. கார்த்திகைப் புயலில் செடிகள் போய்விட்டால் மார்கழித் தொடக்கத்திலேயே நாற்று விட்டாக வேண்டும். தையில் நட்டால் மாசி, பங்குனியில் காய் பறித்துவிடலாம். அதற்கும் பிந்தினால் அந்த இடத்தைக் கொத்தவரைக்கும் வெண்டைக்கும் கொடுப்பதே நல்லது.

காத்திருக்கும் நாற்று

குழித்தட்டில் தக்காளி நாற்று சுமார் 25 நாளில் நடவுக்கு வரும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் நாற்று முற்றிவிடும். அதைத் தள்ளிப்போட வழி உண்டு: தண்ணீரைக் குறைத்து, கூரை ஓரத்தில் வெளிச்சம் படும்படி வைத்து, அடியில் ஓட்டை போட்ட காகிதக் கோப்பைகளுக்கு மாற்றிவிடலாம். நெடுநெடுவென வளர்ந்துவிட்ட தக்காளி நாற்றைத் தண்டின் கீழ்ப்பகுதி மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடலாம். புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கு இது ஒத்துவராது.

தொடர் மழையில் நாற்றழுகல் நோய் ஒரே இரவில் தட்டையே காலி செய்யும். மண் மட்டத்தில் தண்டு நைந்து, நாற்று அறுத்துப் போட்டதுபோல் சாயும். இதைத் தடுக்க விதைக்கும் முன்பே விதை நேர்த்தி செய்யலாம். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதை நேர்த்தி அளவு. வீட்டுக்கான ஒரு பொட்டல விதைக்கு இரு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகையே மிகுதி.

மண் பதம்

மழை விட்ட மறுநாளே மண்வெட்டியை எடுப்பது, மழை செய்த சேதத்தைவிடப் பெரிய சேதம். ஈரக் களிமண்ணை மிதித்தாலும் கொத்தினாலும் அது இறுகி, காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்கலாம். உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. பளபளப்பாக உருண்டையாகவே கிடந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் பதம் விரைவில் வரும், ஆற்றோரக் களிமண்ணில் பல நாள் ஆகும். முக்கால் அடி உயர மேட்டுப்பாத்தியும், வாசல் வரை வெட்டிய வடிகாலும் இருந்தால் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். புரட்டாசிக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை இது.

செம்மண்ணில் நேர்மாறான கவலை: மேல்மண் அரித்துப் போகும். வானூர் வட்டத்தில் 1968இல் தொடங்கிய ஆரோவில்லில், பொட்டலாகக் கிடந்த செம்மண் மேட்டில் வரப்புகள் போட்டு மழைநீரை நிறுத்திய பின்னரே மரங்கள் நிலைத்தன. வீட்டுத் தோட்டத்தில் சருகு மூடாக்கும் சிறு வரப்பும் அதே வேலையைச் செய்யும்.

வெள்ளம் வடிந்த பின்

தண்ணீர் நின்ற பாத்தியில் செடி வாடுவதைக் கண்டு மேலும் நீர் ஊற்றிவிடக் கூடாது; வேருக்குக் காற்று கிடைக்காததால் வரும் வாட்டம் அது. நீரை வடித்து, சாய்ந்த செடிக்கு முட்டுக் கொடுத்து, மண் அணைக்க வேண்டும். தழைச்சத்து கரைந்து போயிருப்பதால் இலை வெளுக்கும். 3 சதவீதப் பஞ்சகவ்யா தெளிக்கலாம். செக்குகளில் கிடைக்கும் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர்க்கவிட்டு வேரில் ஊற்றலாம். சாக்கடை நீர் கலந்த வெள்ளத்தில் மூழ்கிய கீரையைச் சமைத்தும் சாப்பிடக் கூடாது, பிடுங்கி எறிந்துவிட வேண்டும். மரக்காணம் கரையோரத்தில் உப்புக் காற்று அடித்திருந்தால் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது பயன் தரும். முறிந்த செடிமுருங்கையைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும்.

முன்னறிவிப்பு

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் அறிக்கைகள் செவ்வாயும் வெள்ளியும் வெளியாகின்றன. 2019 முதல் மேகதூத் செயலியிலும் தமிழில் பார்க்கலாம். திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். அடுத்த ஐந்து நாளில் கனமழை என்றால் விதைப்பை நிறுத்திவைத்து, பறிக்கும் நிலையிலுள்ள காய்களையெல்லாம் அன்றே பறித்துவிடுவது உத்தமம்.