'நைஸ்' என்னும் சொல்லின் வரலாறு

பங்சார் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம். இன்று மாடிக் கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதி. இடத்தின் தன்மை மாறியும் பெயர் நிலைத்துள்ளது. சொற்களும் அவ்வாறே, வடிவம் நிற்க, பொருள் மாறுகின்றது.

பல்லாண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி, 'பாட்டி மாவை நைசாக அரைத்தார்' என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். "நைஸ் என்றால் இனியது, மாவுக்குப் பொருந்தாது. ஆங்கிலமும் பிழை, தமிழும் பிழை" என்று சிவப்பு மையால் அடித்தேன். அடுத்த கட்டுரையில் அவள் பாட்டியைப் பற்றி எழுதவே இல்லை. நான் கூறிய காரணம் தவறென்று பின்னரே அறிந்தேன்.

'நைஸ்' என்பதன் மூலம், 'அறியாத' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்னும் இலத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 1300இல் ஆங்கிலம் புகுந்தபோது 'மூடத்தனமான' என்றே பொருள். பின்னர் அளவுமீறி நுணுக்கம் பார்ப்பவரையும், 16ஆம் நூற்றாண்டில் நுட்பத்தையும் மென்மையையும் குறித்தது. 'இனிய' என்னும் பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. எதற்கெடுத்தாலும் இச்சொல்லை வழங்கும் பழக்கத்தை, 1817இன் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' புதினத்தில் ஜேன் ஆஸ்டின் எள்ளி நகையாடுகிறார்.

இழிந்த பொருள் உயர்வதை உயர்பொருட்பேறு என்பர். கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த 'களிப்பு', மகிழ்ச்சியைக் குறித்தது அத்தகையது. நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' தீய மணமாகத் தாழ்ந்தது இதற்கு மறுதலை.

தமிழர் நாவில் 'நைஸ்' இரு பொருள்களில் வழங்குகின்றது: மாவு நைசாக இருத்தல், ஆள் நைசாக நழுவுதல். முன்னது, ஆங்கிலத்தில் இன்று பின்தங்கிவிட்ட 'நுண்மை' என்னும் பொருளோடு ஒத்திருக்கிறது. பின்னது அவ்வழவழப்பிலிருந்து தமிழர் கிளைத்துக்கொண்ட பொருள் எனலாம். ஆகவே பாட்டியின் வழக்கு அறியாமையன்று.

எனினும் எழுத்துத் தமிழுக்கு நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. மாவை 'மைய' அரைக்கலாம், 'நயமாக'ப் பேசலாம், 'மெல்ல' நழுவலாம். ஆசிரியப் பெருமக்களே, மாணவர் சொல்லை அடிப்பதற்குமுன் அதன் வரலாற்றைக் கூறுவோம். பின்னர் தமிழ்ச்சொல்லை அருகே எழுதுவோம். அன்று நான் அடித்த இடத்தில் 'மைய' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும்; பாட்டியும் கட்டுரையில் இருந்திருப்பார், தமிழும் வளர்ந்திருக்கும்.