ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் வந்த கதை

அறுபதைத் தாண்டிய நமக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் முதலில் போவது சர்க்கரைக்கு. அடுத்தது ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அவை தடித்த எழுத்தில் இருந்துவிட்டால் அன்று இரவுத் தூக்கம் போயிற்று. இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். விலங்கியல் நடத்திய பழக்கம், கொஞ்சம் நீளும்.

உறையாமல் தடுத்த ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைத்தால் சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்கும். நோயாளிக்கு நோயாளி இந்த வேகம் மாறுவதை 1897இல் வார்சாவின் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி எழுதினார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1918இல் சுவீடனின் ராபர்ட் ஃபாரேயஸ், கர்ப்பிணிகளின் ரத்தம் வேகமாகப் படிவதைக் கண்டு, கர்ப்பத்தைக் கண்டறிய வழி கிடைத்தது என்று நினைத்தார். பார்த்தால் பல நோய்களிலும் அதே வேகம்! உடலில் அழற்சி இருக்கும்போது ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுகிறது. சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு விரைவாக இறங்குகின்றன. கர்ப்பத்திலும் அந்தப் புரதம் கூடும். காசநோயாளிகளுக்காக வெஸ்டர்கிரன் 1921இல் வகுத்த ஒரு மணிநேர அளவைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது.

சி.ஆர்.பி. கதை நியூயார்க்கில். பென்சிலின் புழக்கத்துக்கு வராத 1930இல், ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் பிரான்சிஸும் நிமோனியாவை ஆராய்ந்தார்கள். கிருமியிலிருந்து பிரித்த 'சி' என்ற பொருளை நோயாளியின் சீரத்தில் கலந்தால் வீழ்படிவு உண்டானது. நோயாளி தேறியதும் அது நின்றுபோனது. எதிர்ப்புப் புரதம் என்றால் தேறும் சமயத்தில் அல்லவா பெருக வேண்டும்? இது தலைகீழ். கல்லீரல் அவசரத்துக்குச் செய்து அனுப்பும் புரதம் அது என்று பிற்பாடு தெரிந்தது. ('சி' என்றால் கேன்சரா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை, அந்தப் பொருளுக்கு வைத்த அடையாள எழுத்து, அவ்வளவே.)

நம் வயதுக்காரர்களிடம் விஷயம் வந்தது 1997இல். ஆரோக்கியமான அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் முன்பே எடுத்துச் சேமித்த ரத்தத்தைப் பால் ரிட்கர் குழு சோதித்தது. சி.ஆர்.பி. மிகுந்திருந்த கால்பங்கினருக்கு, மிகக் குறைந்திருந்தவர்களைவிடப் பின்னாளில் மாரடைப்பு ஏறத்தாழ 3 மடங்கு. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனாலும் உள்ளே கனல். முதுமையில் தணியாத இந்தக் கனலுக்கு 2000இல் இத்தாலியின் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 'இன்ஃபிளம்மேஜிங்' என்று பெயர் வைத்தார்.

அப்படியானால் கனலை அணைத்துவிடலாமே? 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் பார்த்தார்கள். மருந்து கொழுப்பைத் தொடவில்லை; அழற்சியை மட்டும் குறைத்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். அதே கனல்தான் காவலும் காத்திருக்கிறது. பரம்பரையாகவே சி.ஆர்.பி. கூடுதலாகச் சுரப்பவர்களுக்கு இதயநோய் கூடவில்லை என்பதையும் மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. சி.ஆர்.பி. வெறும் புகை; நெருப்பு ஈறிலோ, தொப்பையிலோ, மூட்டிலோ இருக்கலாம். அதை மருத்துவர்தான் தேட வேண்டும்.

ஈ.எஸ்.ஆர். வயதோடு ஏறும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி வரை இயல்பு என்பது மருத்துவர்களின் பழைய கணக்கு. 70 வயது அக்காவுக்கு 38 வந்தால் ரிப்போர்ட் தடித்த எழுத்தில் மிரட்டும். இந்தக் கணக்குக்கு அது 40க்குள். இதயத்துக்காக எடுக்கும் சி.ஆர்.பி. 10ஐத் தாண்டினால், சளி, காய்ச்சல், புண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறது 2003ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல்.