பித்தநீர்

கல்லீரல் இடைவிடாமல் சுரக்கும் கசப்பான மஞ்சள்பச்சை நீர்மம் பித்தநீர். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஊறும். உண்ணாத வேளையில் இதில் ஒரு பகுதி பித்தப்பையில் தங்கிச் செறிவடைகிறது. கொழுப்புள்ள உணவு சிறுகுடலை எட்டியதும் பை சுருங்கி அதை வெளியேற்றுகிறது. கொழுப்பைச் செரிப்பது கணைய நொதிதான். அந்த நொதி வேலை செய்ய வசதியாக, கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துக் கொடுப்பவை பித்த உப்புகள்.

பழங்காலத்தவர் இதற்கு ஏற்றிய சுமை பெரிது. ஹிப்போக்ரட்டீஸ் மரபினர் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நால்வகை நீர்மங்களால் உடலை விளக்கினர். மஞ்சள் பித்தம் மிகுந்தால் கோபம், கரும்பித்தம் மிகுந்தால் மனச்சோர்வு என்றார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் வலுவூட்டிய இக்கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஐரோப்பிய மருத்துவத்தை ஆண்டது. கரும்பித்தம் என்றொரு சுரப்பு உடலில் இல்லவே இல்லை என்பதுதான் வேடிக்கை. சித்த மருத்துவம் வாதம், கபத்தோடு சேர்த்துச் சொல்லும் பித்தம் உடலின் வெப்பத்தையும் செரிமானத்தையும் நடத்தும் ஆற்றல். அதைக் கல்லீரல் நீரோடு ஒன்றாக்கிப் பேசுவது சரியன்று. தலைசுற்றினால் பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கும் நம் வழக்கத்துக்கும் பித்தப்பைக்கும் தொடர்பில்லை.

பித்தநீர் குடலுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தபோதுதான் அதன் உண்மைப் பணி தெளிந்தது. 1870இல் மோரிட்ஸ் ஷிஃப், நாய்களின் பித்தநீரை வெளியே வடியவிட்டால் சுரப்பு குறைவதையும், மீண்டும் குடலில் சேர்த்தால் கூடுவதையும் கண்டார். குடலுக்கு வரும் பித்த உப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. அதே உப்பு நாளில் பலமுறை சுற்றி வருகிறது. பித்தக்குழாய் அடைபட்ட காமாலை நோயாளிகள் அறுவையின்போது இரத்தம் உறையாமல் இறந்ததன் காரணம் 1930களில் விளங்கியது: ஹென்ரிக் டாம் கண்டறிந்த வைட்டமின் கே, பித்தநீர் இன்றிக் குடலில் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. ஏ, டி, இ வைட்டமின்களுக்கும் இதே நிலைதான்.

வேதியியல் எளிதில் பிடிபடவில்லை. பித்த அமில ஆய்வுக்காக ஹைன்ரிக் வீலண்ட் 1927ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் அவர் முன்வைத்த மூலக்கூறு வடிவம் தவறு. 1932இல் பெர்னால் எடுத்த எக்ஸ்ரே படங்கள் வேறு கதை சொல்லவே, வீலண்டும் அதே ஆண்டில் தம் வடிவத்தைத் திருத்திக்கொண்டார். 1999இல் பித்த அமிலங்கள் உயிரணுவின் உட்கருவிலுள்ள ஓர் ஏற்பியோடு இணைந்து மரபணுக்களையே இயக்குவது தெரியவந்தது. அதன் பின் இதை வெறும் செரிமான நீர் என்று சொல்ல முடியாது.

பித்தப்பை இன்றியும் வாழலாம். குதிரைக்கும் யானைக்கும் அது கிடையாது. கல் உண்டாகும் பையையே 1882இல் பெர்லினில் முதன்முதலாக அகற்றியவர் கார்ல் லாங்கன்பூக். குழாய் அடைபடுவதோ ஆபத்து. பித்தக்குழாய்கள் அழிந்துபோன சிசுக்களுக்குக் குடலை நேரே கல்லீரலோடு இணைக்கும் அறுவையை 1950களில் ஜப்பானின் மோரியோ கசாய் உருவாக்கினார். மலத்துக்கு நிறம் தருவது பித்தநீரிலுள்ள பிலிருபின். ஆகவே பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் மாறாமல், மலம் வெளுத்துப்போகும் குழந்தையைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கசாய் அறுவை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் கூடுதல்.