ஒரே கட்டிலில் ஒரு குடும்பம்

இன்னிக்கு நான் பேசப்போறது ஒரு படிவம் ஒரு வீட்டையே காலி பண்ணின கதை.

ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ், அமெரிக்காவின் வர்ஜீனியாக்காரர். முதுகுவலியும் மனப்பதற்றமும் இருந்ததால், 1968-ல் அரசின் இயலாமை உதவித்தொகை கிடைத்தது. 1972-ல் ஒரு படிவம் வந்தது. நிரப்பி அனுப்பினார். மருத்துவ அறிக்கைகளையும் சேர்த்துப் பார்த்துட்டு, 'இனி நீங்க வேலை செய்யலாம்'னு பணத்தை நிறுத்திட்டாங்க.

நேர் விசாரணை? உண்டு. ஆனா நிறுத்தின பிறகுதான். முடிவு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்.

'முதல்ல என்னைக் கேளுங்க, அப்புறம் நிறுத்துங்க'ன்னு வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்தார். 1976-ல் உச்ச நீதிமன்றத்தில் 6-க்கு 2 என்று தோற்றார். மருத்துவ அறிக்கைகளை வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கலாம் என்றது தீர்ப்பு. மாறுபட்ட நீதிபதி பிரெனன் எழுதியது வேற: வீடு கடனில் போச்சு, மேசை நாற்காலியும் போச்சு, குடும்பமே ஒரே கட்டிலில் தூங்கியது.

காசில்லாதவருக்கு யார் வாதாடுவாங்க? 1965-லேயே சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. கோர்ட்டில் ஜெயித்தால், நிலுவைத் தொகையில் அதிகபட்சம் 25 சதவீதம் வக்கீலுக்கு. இதனால் ஏழைக்கும் வக்கீல் கிடைத்தார், நிஜம்தான். ஆனா அந்த நிலுவை கைக்கு வர்ற வரைக்கும் வீட்டுக் கடன்காரர் காத்திருப்பாரா? அதுக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

சட்டக் கல்லூரிகளில் 'மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ்' இன்னிக்கும் பாடம். எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வருது.