ஆறு இலக்கத் தூது

முகவரியின் இறுதியில் நாம் பழக்கத்தால் எழுதிவிடும் ஆறு இலக்கங்கள் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தவை. இந்நாட்டில் ஒரே பெயர் கொண்ட ஊர்கள் பல. முகவரி எழுதப்படும் மொழிகளும் பல. தமிழ்நாட்டில் மட்டுமே எத்தனை புதூர்கள், எத்தனை புதுப்பட்டிகள்! இக்குழப்பம் தீர அஞ்சல் குறியீட்டு எண்ணை வகுத்தவர், மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் வடமொழிக் கவிஞரும் ஆவார் என்பது இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான செய்தி.

எண்ணின் அமைப்பு எளியது. முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றுக்கு 6; இராணுவ அஞ்சலுக்கு 9. இரண்டாவது இலக்கம் அதன் உட்பிரிவு. முதல் மூன்றும் சேர்ந்து கடிதங்கள் தரம் பிரிக்கப்படும் வட்டாரத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கும். சென்னையில் பழைய வட்டார எண்களும் இதனுள் அடங்கிவிட்டன. 'மதராஸ்-4' என்று எழுதப்பட்ட மயிலாப்பூர் 600 004 ஆயிற்று. 'மதராஸ்-17' எனப்பட்ட தியாகராய நகர் 600 017 ஆயிற்று.

இவ்வெண் ஆட்சி எல்லைகளைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பது கருதத்தக்கது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைப் பாருங்கள். புதுச்சேரி நகருக்கு 605, காரைக்காலுக்கு 609. மாகேயோ கேரள எண்களோடு 673-இல் நிற்கிறது. ஏனாம் ஆந்திர எண்களோடு 533-இல் சேர்ந்து மண்டலமே மாறிவிடுகிறது. இலட்சத்தீவு கொச்சியின் 682-ஐப் பகிர்ந்துகொள்கிறது. 1996-இல் தேனி தனி மாவட்டமானது. அதன் எண் இன்றும் மதுரைக்குரிய 625-இல்தான் தொடங்குகிறது. 2014-இல் தெலங்கானா தனி மாநிலமான பின்னும் ஐதராபாத்து 500 001 மாறவில்லை.

காரணம், இவ்வெண் நிலத்துக்கு இட்ட பெயரன்று; கடிதம் செல்ல வேண்டிய வழி. மேகதூதத்தின் முற்பகுதி, மேகத்துக்கு அது செல்ல வேண்டிய வழியைச் சொல்வதாகவே அமைந்திருக்கிறது. தூது இலக்கியத்தில் கவி செய்ததை இங்கே ஆறு இலக்கங்கள் செய்கின்றன.

இதை மறந்து, இன்று எண்ணையே ஊராகக் கொள்கிறோம். நாட்டில் 1,60,000-க்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்க, குறியீட்டு எண்களோ ஏறத்தாழ 19,000 மட்டுமே. ஆகவே பல சிற்றூர்கள் ஒரே எண்ணின்கீழ் வாழ்கின்றன. கணினிப் படிவத்தில் எண்ணை இட்டதும் பெரிய ஊரின் பெயர் தானாக வந்து அமர்கிறது; சிற்றூரின் பெயர் எழுத இடமின்றிப் போகிறது. 2025-இல் அஞ்சல் துறை அறிமுகம் செய்த டிஜிபின், ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருகிறது. அதற்கு ஊர்ப்பெயரே தேவையில்லை.

கல்வெட்டுகளில் வளநாடு, நாடு, கூற்றம் என்று அடுக்கி ஊரைச் சுட்டிய மரபு நம்முடையது. எண் வழியைச் சொல்லட்டும். ஊரின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.